அக்கா இல்லாத நன்றி

உலகத்தில் எத்தனை விதமான 'சரி' இருக்கிறது என்று மோகனப்ரியா அளவுக்கு யோசித்த பெண் திருவொற்றியூரில் வேறு யாரும் இருக்க முடியாது. பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டே சொல்லும் சரி உண்டு. அம்மா போனில் பேசும்போது காதைக் கொடுக்காமலே சொல்லும் சரி உண்டு. தூக்கம் வரும்போது விளக்கை அணைப்பதற்காகச் சொல்லும் சரி உண்டு. தோற்றுப்போனவர்கள் சொல்லும் சரியும் உண்டு. அவளைப் பயமுறுத்தியது அதுதான். பதினான்கு மாதங்களுக்கு முன்னால் அவள் புருஷன் தீபன் சொன்ன ஒரே ஒரு சரியின் மேல் அவளுடைய சந்தோஷம் மொத்தமும் ஏறி உட்கார்ந்திருந்தது. அது எந்த வகைச் சரி என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

அது மீன்பிடித் தடைக்காலத்தில் நடந்தது. தீபன் காசிமேட்டிலிருந்து கிளம்பும் 'நீலக்கிளி' என்ற விசைப்படகின் டிரைவர். பத்து நாள் கடல், மூன்று நாள் கரை என்று வாழும் ஆள், தடை போட்டுவிட்டால் அறுபத்தொரு நாளும் வீட்டில்தான். முதல் வாரம் ஒழுகிய குழாய்களையெல்லாம் பழுது பார்த்தான். இரண்டாவது வாரம் ஒழுகாத குழாய்களையும் கழற்றினான். மூன்றாவது வாரம், அவன் மின்விசிறியைப் பிரித்துத் தரையில் பரப்பிவைத்திருந்த ஒரு பகலில், எதிரே உட்கார்ந்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்த மோகனப்ரியா, தனக்கு மதியைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

மதி தீபனின் தோஸ்து. படகுகளின் வயர்லெஸ் செட்டையும் ஜிபிஎஸ்ஸையும் பழுது பார்ப்பவன். துறைமுகம் போகிற வழியில் ராயபுரத்தில் கடை வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குச் சாப்பிட வருவான். புருஷனின் கூட்டாளிகளை எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி அவளும் அவனை 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் தண்ணீர்ச் சொம்பை நீட்டியபோது 'தண்ணி' வந்தது, 'அண்ணே' வரவில்லை. தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுகொண்டது. எச்சிலை விழுங்கிப் பார்த்தாள், இருமிப் பார்த்தாள், அடுத்த ஞாயிறு முயன்று பார்த்தாள். ஊஹும். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள் அவள். எழுத்துப் பலகையைக் காட்டி யாருக்கு எந்த எழுத்து தெரியவில்லை என்று கேட்டே பிழைப்பு நடத்துகிறவள். தனக்கு எந்தச் சொல் வரவில்லை என்பதை வைத்து நோயைக் கண்டுபிடிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

மதியிடம் சொல்வதற்கு முன்னால் தீபனிடம் சொன்னாள். இன்னும் ஒன்றும் நடக்கவில்லை, அதனால்தான் இப்போதே சொல்கிறேன் என்றாள். உன்னையும் விட முடியாது, நீ வேண்டாம் என்றால் இந்தப் பேச்சு இந்த நெத்திலித் தலைகளோடு குப்பைக்குப் போகும் என்றாள். தீபன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான். கடல் அரிப்புக்காகக் கருங்கல் கொட்டிவைத்திருந்த கரையில் பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தான். திரும்பி வந்து காலைக் கழுவினான். "சரி" என்றான். பிறகு மூன்று தட்டு சோறு சாப்பிட்டான்.

அதற்கப்புறம் இரண்டு ஒப்பந்தங்கள் போட்டுக்கொண்டார்கள். எதுவானாலும் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும், செய்துவிட்டுச் சொல்லக்கூடாது. தீபன் கரையில் இருக்கும் நாட்கள் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும். இது தீபனுக்கும் பொருந்தும், அவனுக்கும் யாரையாவது பிடித்தால் சொல்ல வேண்டும் என்று அவள் நியாயமாகச் சேர்த்தாள். அவன் சிரித்து, என்னைப் போய் எவ பாக்கப்போறா என்று மின்விசிறிக்குத் திரும்பினான். அதோடு சரி. அந்த விஷயத்தைப் பற்றி அவன் வாய் திறக்கவேயில்லை. கடலிலிருந்து வந்தால், மதி சாப்பிட்டானா என்று கேட்பான். அதைக் கேட்கும் முகத்தை மோகனப்ரியா லென்ஸ் சோதிப்பது போல எல்லாக் கோணத்திலும் சோதித்துப் பார்ப்பாள். ஒன்றும் தெரியாது.

மற்றபடி அவள் கால் தரையில் படாமல்தான் நடந்தாள். மதி அவளை முதல் முறையாக முத்தமிட்டது எண்ணூர் முகத்துவாரத்தில். முத்தமிட்ட கையோடு பையிலிருந்து ஜிபிஎஸ்ஸை எடுத்து அந்த இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் பதிந்துகொண்டான். மீன் கிடைத்த இடத்தைப் படகுக்காரர்கள் பதிந்துகொள்வார்களே, அதைப் போல. அவளுக்கு அன்று சிரிப்பு அடங்க வீடு வரை ஆயிற்று. ஊருக்கு எதுவும் தெரியாது. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் என்பதே அவர்களைப் பற்றி ஊருக்குத் தெரிந்த ஒரே விசித்திரம். அதையே ஊர் இன்னும் மென்று முடிக்கவில்லை.

போன வியாழக்கிழமை அவளுக்கு விடுமுறை. வவ்வால் மீன் குழம்பும் இட்லியும் கட்டிக்கொண்டு மதியின் கடைக்குப் போயிருந்தாள். நீலக்கிளி மறுநாள் விடியலில் கரைக்கு வர வேண்டும். அப்போது கடைக்குள் கோவிந்தம்மா நுழைந்தாள். தீபனின் அம்மா. காசிமேட்டில் மீன் எடுத்துத் திருவொற்றியூர் மார்க்கெட்டில் விற்பவள். அவள் வந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எந்தப் படகு எங்கே வருகிறது என்று மதியின் கடை வயர்லெஸ் செட்டில் கேட்க துறைமுகத்துப் பெண்கள் எல்லோரும் வருவார்கள். மருமகள் அங்கே இருப்பதைப் பார்த்து, நீயும் அதுக்குத்தான் வந்தியா என்று அவளாகவே ஒரு காரணத்தைக் கொடுத்துவிட்டு, கூடையை இறக்கி உட்கார்ந்தாள்.

இந்த வயர்லெஸ்ஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மைக்கின் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். ஒருவர் அமுக்கிக்கொண்டே இருந்தால் அந்தச் சேனலில் இருக்கிற அத்தனை படகுகளும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். குறுக்கே பேசவும் முடியாது, நிறுத்தச் சொல்லவும் முடியாது. பேசுகிறவனுக்கோ தான் பேசுவது யாருக்காவது கேட்கிறது என்பதே தெரியாது.

மூன்றேகால் மணிக்கு, பக்கத்துப் படகு ஒன்று கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, தீபன் மைக்கைக் கொக்கியில் மாட்டினான். பொத்தான் உள்ளேயே தங்கிவிட்டது.

முதலில் என்ஜின் சத்தம் வந்தது. பிறகு தீபன் ஏதோ ஒரு மெட்டை வார்த்தை இல்லாமல் முனகுவது வந்தது. மதி தலையைத் தூக்கிப் பார்த்தான். செட்டின் பச்சை விளக்கு அணையாமல் எரிந்தது. நீலக்கிளி போன தடவை கரைக்கு வந்தபோதுதான் அதன் மைக்கை அவனே பழுது பார்த்திருந்தான். சரியான ஸ்ப்ரிங் கிடைக்காமல், பேனாவிலிருந்து ஒன்றைப் பிடுங்கிப் போட்டிருந்தான்.

"புளி ஊத்துனியா, கடல ஊத்துனியாடா கொழம்புல?" என்று தீபன் கேட்டது கடையில் தெளிவாகக் கேட்டது. கூட வேலை செய்யும் வல்லரசுவிடம் கேட்கிறான். வல்லரசுவும் தீபனும் ஒரே வயது, ஒரே தெரு. கோவிந்தம்மாவுக்கு மகனின் குரல் கேட்டதில் சந்தோஷம். நல்லாத்தான் கீறான் என்று சொல்லி எழுந்திருக்கப் போனாள்.

அப்போது வல்லரசு சொன்னான்: "மாமு, ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டியே."

"கேளு."

"அந்த வயர்லெஸ்கார மதி கூட உன் வூட்டு தங்கச்சி பைக்ல போறத நம்ம ஃப்ரெடி பாத்துக்கீறான். ஒரு வாட்டி இல்ல. நாலு வாட்டி. நான் நம்பல மாமு."

என்ஜின் கொஞ்ச நேரம் தனியாகப் பேசியது.

"நம்பு" என்றான் தீபன்.

மோகனப்ரியா ஒரே தாவலில் செட்டின் திருகைப் பிடித்தாள். அதே வேகத்தில் அவள் மணிக்கட்டை மாமியார் பிடித்தாள். முப்பது வருஷம் ஐஸில் கைவிட்ட கை. இங்கே அணைத்து என்ன ஆகப்போகிறது, காசிமேட்டுப் படகு மொத்தமும் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று மதி முனகினான். தீபனின் போனுக்கு அடித்துப் பார்த்தான். நடுக்கடலில் ஏது டவர்? பக்கத்தில் போகிற ஏதாவது படகு கிட்டே போய்க் கத்தியிருக்கலாம். அந்த நேரத்தில் நீலக்கிளிக்குப் பக்கத்தில் ஆறு படகுகள் இருந்தன என்றும், ஆறிலும் கத்துவதற்கு ஒருவருக்கும் மனசு வரவில்லை என்றும் பிற்பாடு தெரிந்தது.

"இன்னா மாமு சொல்ற?"

"எனக்கு தெர்யும்டா. எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போச்சு. அதுக்கு அவனப் புடிச்சிக்கீது. என்னியும் புடிச்சிக்கீது. இதுல இன்னா கீது?"

"வயிறு எரியல?"

இந்தக் கேள்விக்கான பதிலுக்காகத்தான் மோகனப்ரியா பதினான்கு மாதமாகக் காத்திருந்தாள். இந்த ஆள் தோற்றுப்போய்ச் சொன்ன சரி என்றால், இந்த நிமிடமே எல்லாம் முடிந்தது. மதியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவள் மதியைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள்.

"எரிஞ்சிது" என்றான் தீபன். "இல்லன்னு சொல்ல மாட்டேன். கல்லு மேல போயி உக்காந்தேன். ஒரு பகல் பூரா. என்கிட்டேந்து இன்னா போவுதுன்னு தேடிப் பாத்தேன்டா. அது என்கூட சிரிக்கிறது போவுதா, இல்ல. சண்ட போட்றது போவுதா, அதுவும் இல்ல. கரைக்கு வர அன்னிக்கு எதிர்ல ஓடியாறது போவுதா? தேடுறேன் தேடுறேன், ஒண்ணும் ஆப்டல. பசிதான் வந்துச்சு. எந்திரிச்சி வூட்டுக்குப் போயி சரின்னேன். மனசாரச் சொன்னேன்டா. இப்ப கேட்டாலும் சொல்லுவேன்."

"அப்போ உனக்கு ஒரு கொறையும் இல்ல?"

"ஒண்ணு கீது. அந்தப் பேமானி இட்லிக்கு சக்கர தொட்டுத் துன்றான். அத மட்டும் என்னால ஏத்துக்க முடியல."

கடையில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் மதியின் தட்டைப் பார்த்தார்கள். வவ்வால் குழம்பு ஒரு பக்கம் இருக்க, மறுபக்கம் சர்க்கரை குவிந்திருந்தது.

மனசாரச் சொன்ன சரி! மோகனப்ரியாவுக்கு வெளியே ஓடிப்போய், ராயபுரம் பாலத்தில் நிற்கிற கன்டெய்னர் லாரி டிரைவர்களிடம் ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் மாமியாரின் கை இன்னும் அவள் மணிக்கட்டில் இருந்தது.

வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பிரகாஷ் வந்தார். அவர்கள் குப்பத்து ஊர் சபையின் செயலாளர். ஏலக்கூடத்திலிருந்து ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. இது குடும்ப விஷயம் இல்லை, ஊர் மானம், ஞாயிற்றுக்கிழமை சபை கூடியே ஆக வேண்டும், மதி தீபனின் முதுகுக்குப் பின்னால் செய்த துரோகத்துக்கு ஒரு முடிவு கட்டியே ஆக வேண்டும் என்று மூச்சுக்கு நடுவில் சொன்னார்.

கோவிந்தம்மா மருமகளின் கையை விட்டாள். விட்ட கையாலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"இன்னா துரோகம் பிரகாசு? காதுல இன்னா வெச்சினு ஓடியாந்த? எங்க வூட்டுக்காரு சொல்லாம கொள்ளாம பழவேற்காட்டுல பதினோரு வருசம் இன்னொரு குடித்தனம் பண்ணாரு. உங்க நைனாவுக்கு தெர்யும். ஊருக்கே தெர்யும், என்னியத் தவிர. அதுக்கு கூடாத சபை, என் புள்ள சொல்லிகினு வாழுறதுக்கா கூடுது?" அவள் செட்டைக் காட்டினாள். "மனசாரச் சொன்னேன்னு சொல்றான். இருநூறு படகு கேட்டுகினு கீது. உன் கல்யாணத்துக்கு எத்தினி சாட்சி?"

கோவிந்தம்மா திரும்பி மதியைப் பார்த்து, "ஏன் நைனா, இட்லிக்கு எவனாவது சக்கர தொடுவானா?" என்று கேட்டாள். அவளுக்கு இருந்த கோபம் மொத்தமும் அதில்தான் இறங்கியது போலிருந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் மோகனப்ரியா அன்றைக்கு உலகத்திலேயே அதிர்ஷ்டசாலி. ஆனால் பொத்தான் இன்னும் உள்ளேதான் இருந்தது.

"நானும் ஒண்ணு அதுகிட்ட சொல்லணும்டா" என்றது தீபனின் குரல். "மூணு மாசமா வாய்லயே வெச்சினு கீறேன்."

"இன்னாது?"

"அலை அக்கா."

கடை வாசலில் பெருமூச்சு ஒன்று எழுந்தது. அலை அக்காவை எல்லோருக்கும் தெரியும், யாரும் பார்த்ததில்லை. ஒரு தொண்டு நிறுவனத்துக்காகக் காலை ஐந்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் அந்தச் சேனலில் காற்றும் அலையும் வாசிக்கிற பெண்குரல் அது. வாசித்து முடித்ததும் ஒவ்வொரு படகாகக் கூப்பிடுவாள். ஒவ்வொரு படகும் 'கெடச்சுது, நன்றிக்கா' என்று சொல்ல வேண்டும். அறுபது வயது டிரைவர்களுக்கும் அவள் அக்காதான்.

"'அலை ஒயரம் ஒண்ணு புள்ளி ரெண்டு மீட்டர்'னு சொல்றாங்கல்ல" என்றான் தீபன். "அந்தப் புள்ளிகிட்ட கொஞ்சம் நிப்பாங்க பாரு. கவனிச்சிக்கீறியா? சின்னதா ஒரு மூச்சு. அதுல நான் காலிடா. மூஞ்சி தெர்ல, பேரு தெர்ல. மூணு மாசமா எனக்கு நன்றிதான் வருது. அக்கா வர மாட்டேங்குது."

மற்றவர்கள் சிரித்தார்கள். மோகனப்ரியா சிரிக்கவில்லை. அவளைத் தவிர அந்தக் கூட்டத்தில் யாருக்கும் அந்த வாக்கியத்தின் கனம் தெரியாது. வராத ஒரு சொல் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். அது தொண்டையில் எந்த இடத்தில் நிற்கும், எவ்வளவு விழுங்கினாலும் எப்படிக் கரையாது என்பதும் தெரியும். வயிற்றுக்குள் யாரோ தீக்குச்சி பற்றவைத்தது போல ஒரு சிறிய, சுத்தமான எரிச்சல் எழுந்தது. ஒரு பெண்ணின் மூச்சை இவன் கவனித்திருக்கிறான்! ஏழு வருஷமாகத் தான் விட்ட மூச்சை எண்ணியிருப்பானா? தீபனுக்கும் இது பொருந்தும் என்று ஒப்பந்தத்தில் நியாயமாகச் சேர்த்த மோகனப்ரியாவை அவள் அந்த நிமிடம் மனதாரத் திட்டினாள். அவனுடைய சரியை இத்தனை நாள் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவளுக்கு, தன் கையில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று தேடிப் பார்க்கத் தோன்றியதே இல்லை.

"மாமு" என்றான் வல்லரசு. குரல் மாறியிருந்தது. "அந்த மைக்குல இன்னாத்துக்கு செவப்பு லைட்டு எரியுது?"

ஒரு 'டக்'.

அதன் பிறகு சேனல் வெடித்தது. ஹாரன், விசில், சிரிப்பு, எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்தன. எந்தப் படகிலிருந்து என்று தெரியவில்லை, யாரோ ஒருவன் 'ஓப்பன் தீபன்' என்றான். அவ்வளவுதான். பேர் வைத்தாயிற்று, இனி அவன் கிழவனாகும் வரை அது ஓடும். நீலக்கிளியிலிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை.

நான்கு மணி ஆனது.

"அனைத்துப் படகுகளும் சேனலை விடவும்" என்றது அலை அக்காவின் குரல். வாத்தியார் நுழைந்த வகுப்பு மாதிரி எல்லாம் அடங்கியது. "எண்ணூர் முதல் பழவேற்காடு வரையிலான கடற்பகுதி. தென்கிழக்குக் காற்று, மணிக்கு இருபது கிலோமீட்டர். அலை உயரம் ஒன்று..."

நின்றது. இருநூறு படகுகளும் ஒரு கடையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தன.

"புள்ளி இரண்டு மீட்டர்" என்று, சுடுமணலில் கால் வைத்தவள் மாதிரி ஒரே ஓட்டமாக ஓடிக் கடந்தாள் அவள்.

அப்புறம் ஒவ்வொரு படகாகக் கூப்பிட்டாள். ஒவ்வொரு படகும் வழக்கத்தைவிடச் சத்தமாக, 'அக்கா'வில் அழுத்தம் கொடுத்து, நன்றிக்கா என்றது. சிலர் இரண்டு முறை அக்கா போட்டார்கள். நீலக்கிளியின் முறை வந்தது. பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். இல்லை. மூன்றாவது முறையும் பதில் வராவிட்டால் படகைக் காணவில்லை என்று மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் விதி என்று மதி சொன்னான். வெட்கத்தில் ஒரு படகு மூழ்கிக்கொண்டிருந்தது.

மோகனப்ரியா மைக்கை எடுத்தாள்.

"யோவ். நான்தான்."

நீலக்கிளியிலிருந்து வந்தது: "மோனா?"

"மதி கடையிலதான் கீறேன். அத்தயும் கீறாங்க. மொதல்லேந்து கேட்டோம்."

"அம்மாவுமா?" அவன் குரல் பதின்மூன்று வயசுக்குப் போய்விட்டது. "மோனா, நான் சொல்லிட்டு செய்யணும்னுதான் இருந்தேன். ஒண்ணும் செய்யல. ஒரு அக்காவ முழுங்கினேன், அவ்ளோதான்."

அவள் கண்ணை மூடினாள். தேடிப் பார்த்தாள், அவன் கல் மேல் உட்கார்ந்து தேடியது போல. அவளுக்கு ஒரு பகல் இல்லை, பத்து நொடிதான் இருந்தது. எரிச்சல் இருந்தது. அந்த எரிச்சலுக்குப் பக்கத்திலேயே, நன்றியை மட்டும் சொல்லிவிட்டு மீதியை வாயில் வைத்துக்கொண்டு முழிக்கிற ஒரு முகம் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அந்த ஆளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. வேறு எதுவும் அகப்படவில்லை.

"எனக்கு எரியுது" என்றாள். எல்லோரும் கேட்கட்டும். "இப்பவே சொல்லிட்டேன், நாளைக்கி கரைக்கி வந்து தெர்லன்னு சொல்லாத. நல்லா எரியுது. ஆனா சரி. நானும் மனசாரத்தான் சொல்றேன். ஆனா என்னியக் கேட்டு இன்னாய்யா பிரயோஜனம்? அவங்களக் கேட்டியா? பேரு கூட தெரியாத பொம்பளைய இத்தினி பேரு முன்னாடி பேஜாராக்கி வெச்சிக்கீற. மொதல்ல மன்னிப்பு கேளு. அப்பால அவங்களுக்குப் பதில் சொல்லு. காத்துகினு கீறாங்க."

பொத்தானை விட்டாள். மதி மைக்கை அவளிடமிருந்து வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டான். ஊர் பார்க்கப் பிடித்தது அதுதான் முதல் தடவை. பிரகாஷ் கூரையைப் பார்த்தார்.

"மேடம்" என்றான் தீபன். படகுகள் எங்கும் ஒரு கனைப்பு ஓடி அடங்கியது. "மன்னிச்சிக்கோங்க. தெரியாம நடந்துபோச்சி. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நீலக்கிளி, தகவல் கெடச்சுது. நன்றி." பிறகு அவன் முயல்வது கேட்டது. "நன்றி..." என்றான் மறுபடி. அதற்கு மேல் போகவில்லை.

"நீலக்கிளி, பதிவாகியது" என்றாள் அலை அக்கா.

வழக்கமாக அதோடு அவள் குரல் துண்டிக்கப்படும். இன்று துண்டிக்கப்படவில்லை. அவள் பொத்தானை அமுக்கியபடியே இருந்தாள். ஒரு சின்ன மூச்சு கேட்டது. மோகனப்ரியாவுக்கே அதைக் கேட்டதும், இவன் சொன்னதில் தப்பில்லை என்று தோன்றியது.

"மத்தது..." என்றது அந்தக் குரல். வானிலை வாசிக்கிற தமிழ் இல்லை, தண்டையார்பேட்டைத் தமிழ். "மத்தது வூட்ல கேட்டுட்டு சொல்றேன்."

குரல் துண்டிக்கப்பட்டது.

கடை வாசலில் பெரிய விவாதம் தொடங்கிவிட்டது. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றால் தமிழ்நாடு முழுக்க அதற்கு 'முடியாது' என்றுதான் அர்த்தம் என்றார் ஒருவர். முடியாது என்பதை முடியாது என்றே சொல்லத் தெரிந்த பெண் அவள், புயல் என்றால் புயல் என்று சொல்கிறவள் ஆயிற்றே என்றார் இன்னொருவர். வீட்டில் யாரைக் கேட்பாள், அம்மாவையா, புருஷனையா, அந்த வீட்டிலும் ஒரு கல்லும் கடலும் இருக்கிறதா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். செட்டிலும் அதே விவாதம் நாற்பது மைல் தூரத்துக்கு நடந்துகொண்டிருந்தது.

கோவிந்தம்மா கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். எரிகிறதா என்று கேட்டாள். எரிகிறது அத்தை என்றாள் மோகனப்ரியா, சிரித்துக்கொண்டே, கண்ணைத் துடைத்துக்கொண்டே. மோர் குடித்தால் அடங்காது, பழகினால்தான் அடங்கும் என்றாள் கோவிந்தம்மா. விடியற்காலை நாலரைக்குத் தெருமுனையில் நிற்கச் சொன்னாள். இரண்டு பேரும் சேர்ந்தே துறைமுகத்துக்குப் போகலாம், அவன் தனியாக இறங்கினால் இந்தப் பயல்கள் கிண்டல் செய்தே மறுபடி கடலுக்குத் துரத்திவிடுவார்கள் என்றாள்.

"நானும் வரவா?" என்று கேட்டான் மதி.

கோவிந்தம்மா அவனை முறைத்தாள். மோகனப்ரியா மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற அத்தனை முகங்களையும் பார்த்தாள்.

"அவன் கரையில கீற நாளு எங்க ரெண்டு பேருக்கும்" என்றாள். "நீ திங்கக்கெழம வா. வரும்போது அந்த மைக்குக்கு நல்ல ஸ்ப்ரிங்கா ஒண்ணு வாங்கினு வா."

அவள் தெருவில் இறங்கினாள். யாரோ பின்னாலிருந்து விசில் அடித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஷேர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தி, உள்ளே ஏறி உட்கார்ந்து, எங்கே போக வேண்டும் என்று டிரைவர் மூன்று முறை கேட்டும் சிரிப்பில் பதில் சொல்ல முடியாமல் கையை மட்டும் வடக்கே காட்டினாள்.